அடுத்த கோச் யார் என்று கேட்பதற்கு முன்

2024 மே மாதம், மேற்கு சிட்னியின் ரக்பி லீக் கிளப்பான பரமட்டா ஈல்ஸின் நிர்வாகம் பிராட் ஆர்தரை வீட்டுக்கு அனுப்பியது. 2014 சீசனிலிருந்து அவர்தான் தலைமைக் கோச். 2022இல் அணியை கிராண்ட் ஃபைனல், அதாவது கோப்பைக்கான இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். செய்தி வந்த அன்றே மேற்கு சிட்னியில் பேச்சு ஒரே பக்கம் திரும்பிவிட்டது: அடுத்தது யார்? வேய்ன் பென்னட்தான் வேண்டும் என்று ஒரு கட்சி. மைக்கேல் மக்வயர் என்று இன்னொரு கட்சி. ஜேசன் ரைல்ஸ், ஜோஷ் ஹன்னே என்று துணைக் கோச்சுகளின் பெயரைச் சொன்னவர்கள் ஒரு பக்கம். இடைக்காலப் பொறுப்பில் இருந்த டிரென்ட் பேரட்டே தொடரட்டும் என்றவர்கள் சிலர். பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி என்று தமிழர்கள் நிறைய வாழும் இடங்களெல்லாம் ஈல்ஸின் சொந்தப் பேட்டைதான், அதனால் நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு உண்டு.

ஆனால் பெயரில் தொடங்கும் விவாதம் பெயரிலேயே முடிந்துபோகிறது. அணி ஏன் தோற்கிறது என்று தெரிந்தால்தான், அதை யாரால் சரிசெய்ய முடியும் என்று கேட்க முடியும். ஈல்ஸ் கதையை நடுவில் வைத்து, பக்கத்திலேயே புல்டாக்ஸ், வெஸ்ட்ஸ் டைகர்ஸ், நியூகாசில் நைட்ஸ் ஆகிய அணிகளுக்கு நடந்ததையும் வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

ரக்பி லீக்கைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு பக்கம் 13 பேர், 80 நிமிட ஆட்டம். பந்து வைத்திருப்பவரைப் பிடித்து நிறுத்துவது டேக்கிள். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரை வாய்ப்பு. அதற்குள் டிரை போடாவிட்டால் (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்காவிட்டால்) பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால், ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்க வேண்டும். ஃபுல்பேக், ஃபைவ்-எய்த், ஹாஃப்பேக், ஹூக்கர் என்ற நான்கு இடங்களைச் சேர்த்து 'ஸ்பைன்' என்பார்கள். ஆட்டத்தை நடத்துவது இந்த நால்வர்தான். ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். (தேசிய ரக்பி லீக்) போட்டியில் ஒவ்வொரு கிளப்பும் சம்பள உச்சவரம்புக்குள் 30 பேர் கொண்ட முதன்மைக் குழுவை வைத்துக்கொள்ள வேண்டும். கையில் காசு இருக்கிறது என்பதற்காக இஷ்டப்பட்ட ஆட்களையெல்லாம் வாங்கிப்போட முடியாது.

இந்தக் கடைசி விஷயம்தான் ஈல்ஸ் கதையின் ஆணிவேர்.

2022 கிராண்ட் ஃபைனலில் பென்ரித்திடம் 28-12 என்று தோற்ற கையோடு, ஈல்ஸ் கூடாரத்திலிருந்து வரிசையாக ஆட்கள் வெளியேறினார்கள். ஹூக்கர் ரீட் மஹோனி புல்டாக்ஸுக்குப் போனார். ஐசாயா பாபாலி டைகர்ஸுக்கு, மராட்டா நியூகோரே வாரியர்ஸுக்கு, ஓரிகன் கௌஃபூசி ஷார்க்ஸுக்கு, ரே ஸ்டோன் புதிதாகத் தொடங்கிய டால்ஃபின்ஸுக்கு. ஒரு ஹூக்கர், முன்வரிசை, பின்வரிசை ஃபார்வர்டுகள் (மோதி ஓடும் பலசாலிகள்) நான்கு பேர், எல்லாம் ஒரே சீசன் இடைவெளியில். ஹாஃப்பேக் மோசஸ், ஃபைவ்-எய்த் டிலன் பிரவுன், ஃபுல்பேக் கதர்சன் போன்ற பெரிய சம்பளக்காரர்களைத் தக்கவைத்த பிறகு, நடுத்தரச் சம்பளத்தில் இருந்த உழைப்பாளிகளுக்குக் கொடுக்க மிச்சமில்லை. வெற்றி பெறும் அணிகள் எல்லாவற்றுக்கும் வருகிற நோய் இது. ஆட்டக்காரர்களின் சந்தை விலை ஏறிவிடும், உச்சவரம்பு ஏறாது.

இதில் மிகவும் வலித்தது மஹோனியின் இடம். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தரையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுப்பவர் ஹூக்கர். வலமா இடமா, தானே ஓடுவதா என்று அரை நொடியில் முடிவெடுப்பது அவர். அதோடு ஒரு ஆட்டத்தில் 40 டேக்கிள் செய்வது அவருக்குச் சாதாரணம். அந்த இடத்துக்கு கான்பராவிலிருந்து ஜாஷ் ஹாட்ஜ்சனைக் கொண்டுவந்தார்கள். கழுத்துக் காயத்தால் அவர் 2023 நடுவிலேயே ஆட்டத்தை விட்டே விலக வேண்டி வந்தது. அந்த ஆண்டு ஈல்ஸ் 10ஆம் இடம். 2024இல் ஹாஃப்பேக் மிட்செல் மோசஸும் கால் காயத்தால் பல வாரம் வெளியே உட்கார்ந்தார். ஹூக்கரும் ஹாஃப்பேக்கும் இல்லாத அணியில் கோச் பலகையில் எதை வரைந்தாலும், களத்தில் அதை நடத்திக்காட்ட ஆள் கிடையாது.

அதற்காக ஆர்தரை நீக்கியது அநியாயம் என்று சொல்லவில்லை. ஒரே அறையில் பத்து ஆண்டுக்கு மேல் ஒரே குரல் ஒலித்தால் அது தேய்ந்துபோகும். ஆட்களைச் சேர்ப்பதிலும் விடுவதிலும் தலைமைக் கோச்சுக்குப் பங்கு உண்டு, அந்தப் பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது. ஆனால் அப்போதைய விவாதத்தில், 'புதிய கோச் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்றவர்கள் எந்த ஹூக்கரை வைத்து என்று சொல்லவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

கோச்சின் பிழையா, ஆட்களின் பிழையா

இதை வீட்டில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும்போதே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பந்தின் பின்னாலேயே கண்ணை ஓடவிடாமல் இருக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஓரத் தடுப்பு. அணி தன் கோல் கோட்டருகே தடுக்கும்போது, ஒவ்வொரு ஓரத்திலும் நான்கு பேர் நிற்பார்கள்: பின்வரிசை ஃபார்வர்டு, ஹாஃப் (ஹாஃப்பேக் அல்லது ஃபைவ்-எய்த்), சென்டர், விங்கர். எதிரணி பந்தை அகலமாக நகர்த்தும்போது இந்த நால்வரும் ஒரே முடிவை எடுத்தாக வேண்டும். எல்லாரும் வெளிப்பக்கம் சரிந்து போவதா, அல்லது வெளியே இருப்பவர் முன்னால் பாய்ந்து உள்ளே அடைப்பதா? சென்டர் பாய்ந்து, பக்கத்திலிருக்கும் ஹாஃப் சரிந்து போனால், இருவருக்கும் நடுவில் கதவு திறந்துவிடும். சென்டர் பாயும்போது விங்கரும் கூடவே பாயாவிட்டால், மூலையில் ஒரு ஆள் சும்மா நின்றபடி பந்தைப் பிடித்து டிரை போடுவார்.

இப்போது கவனிக்க வேண்டியது: அந்த ஓரத்தில் ஆட்கள் மாறிய பிறகும் அதே மாதிரியான டிரை விழுகிறதா? ஆள் மாறியும் ஓட்டை மாறவில்லை என்றால் தடுப்பு முறையிலேயே கோளாறு. அது கோச்சின் கணக்கு. ஒருவர் காயமாகி வெளியே போன வாரங்களில் ஓட்டை அடைபட்டு, அவர் திரும்பி வந்ததும் மறுபடி திறந்தால் அது அந்த ஆட்டக்காரரின் கணக்கு. இடது ஓரம், வலது ஓரம் இரண்டிலும் வெவ்வேறு விதமாக ஒழுகினால், பெரும்பாலும் நடுப்பகுதி களைத்துவிட்டது என்று பொருள். நடுவில் இருக்கும் பெரிய உடல்காரர்கள் 10 மீட்டர் பின்வாங்க முடியாமல் திணறுவதால், அந்த இடத்தை நிரப்ப ஓரத்து ஆட்கள் உள்ளே நெருங்குவார்கள், வெளியே இடம் காலியாகும். ஓரத்தில் டிரை விழுந்தது என்று சென்டரைத் திட்டுவோம், பிழை 40 மீட்டர் தள்ளி நடந்திருக்கும்.

அடுத்தது டேக்கிளுக்குப் பின் பந்து வெளியே வரும் வேகம். டேக்கிள் முடிந்து பந்து காலுக்குக் கீழே உருளுவதற்கு மூன்று விநாடிக்குள் ஆனால் தாக்கும் அணிக்குக் கொண்டாட்டம். நான்கைத் தொட்டுவிட்டால் தடுப்பு அணி நிதானமாக வரிசை கட்டிவிடும். 2020இல் டேக்கிள் இடத்துத் தவறுகளுக்கு பெனால்ட்டிக்குப் பதிலாக ஆறு டேக்கிளை மறுபடி தொடங்கும் விதி வந்தது. அதற்குப் பிறகு இந்த வேகத்தின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. மூச்சு வாங்க இடைவெளி கிடையாது. முன்வரிசை எடை மட்டும் வைத்திருந்த அணிகள் இதில்தான் அடிபட்டன. சொந்த அணி தொடர்ந்து மெதுவான பந்தையே பெறுகிறது என்றால், தேவை வேகமாகக் காலூன்றி எழக்கூடிய ஃபார்வர்டுகள். கோச் மாறுவதால் மட்டும் அந்த உடல்கள் மாறிவிடாது.

மூன்றாவது, ஆள்மாற்றுகள். நெடுங்காலமாக ஒரு ஆட்டத்துக்கு எட்டு ஆள்மாற்றுதான் கணக்கு. ப்ராப்கள் (முன்வரிசைப் பெரிய ஃபார்வர்டுகள்) முதல் 20, 25 நிமிடம் ஆடி உட்கார்ந்து, பிறகு கடைசிக் கட்டத்துக்குத் திரும்புவது வழக்கமான ஏற்பாடு. 50ஆவது நிமிடத்துக்குள்ளேயே ஐந்து, ஆறு மாற்றுகளைச் செலவழித்துவிட்டால், கடைசி 20 நிமிடத்தில் காயம் வரும்போது கையில் அதிகம் மிச்சமிருக்காது. முன்னிலையில் இருந்த ஆட்டங்களைக் கடைசியில் கோட்டைவிடும் அணியில், முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். இது முழுக்க கோச்சின் முடிவு. வேறு யார் மேலும் பழி போட முடியாது.

கோச்சை மாற்றாமலே தீர்ந்த ஒரு வழக்கும் இருக்கிறது. 2023 சீசனின் தொடக்கத்தில் நியூகாசில் நைட்ஸ் தங்கள் நட்சத்திரம் கேலின் பொங்காவை ஃபுல்பேக்கிலிருந்து ஃபைவ்-எய்த்துக்கு நகர்த்தினார்கள். சரிவரவில்லை. நடுவில் தலையடியும் சேர்ந்துகொண்டது. கோச் ஆடம் ஓ'பிரையனைத் தூக்க வேண்டும் என்ற கூச்சல் உச்சத்தில் இருந்தது. பொங்காவை மறுபடி ஃபுல்பேக்கில் நிறுத்தி, ஜாக்சன் ஹேஸ்டிங்ஸ், டைசன் கேம்பிள் என்று ஹாஃப் ஜோடியை நிலைநிறுத்தினார்கள். கடைசி ஒன்பது ஆட்டங்களையும் வரிசையாக வென்று 5ஆம் இடத்தில் முடித்தது அணி. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான டேலி எம் பதக்கம் பொங்காவுக்கு. கோச் அதே ஆள்தான், மாறியது ஸ்பைனில் யார் எங்கே நிற்பது என்பது. பின்னால் 2025இல் நைட்ஸ் கடைசி இடத்துக்குச் சரிந்து ஓ'பிரையன் போனார் என்பது வேறு கதை. ஆனால் 2023 நடுவில் அவரை அனுப்பியிருந்தால் அந்த ஒன்பது வெற்றியும் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

யாருடைய சீடர் என்பது போதாது

கோச் விவாதத்தில் தவறாமல் வரும் வாக்கியம்: 'அவர் பெலமியிடம் இருந்தவர்', 'அவர் கிளியரியிடம் இருந்தவர்'. மெல்பர்ன் ஸ்டார்மில் கிரெய்க் பெலமிக்குக் கீழே வேலை பார்த்தவர்களை வரிசைப்படுத்தினால் பாதி என்.ஆர்.எல். வந்துவிடும்: மக்வயர், ஆர்தர், ஓ'பிரையன், ஸ்டீஃபன் கெர்னி, ஆன்டனி சீபோல்ட், ரைல்ஸ். இவர்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. பள்ளிக்கூடத்தின் பெயர் மட்டும் எதையும் உறுதி செய்யவில்லை.

பென்ரித் கோச் ஐவன் கிளியரியிடமிருந்து வந்த மூவரைப் பாருங்கள். டிரென்ட் பேரட் 2020இல் அங்கே தாக்குதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த ஆண்டு பென்ரித் எதிரணிகளைப் பந்தாடிக்கொண்டிருந்தது. அதை வைத்து புல்டாக்ஸ் அவரை எடுத்தது. 2021இல் மூன்றே வெற்றி, கடைசி இடம். 2022இல் பத்தாவது சுற்றோடு, இரண்டு வெற்றி எட்டுத் தோல்வி என்ற நிலையில் அவரே விலகிவிட்டார். ஆண்ட்ரூ வெப்ஸ்டர் 2023இல் வாரியர்ஸுக்குப் போய் முதல் ஆண்டிலேயே நான்காம் இடம் பிடித்தார், ஆண்டின் சிறந்த கோச் என்ற பட்டமும் வாங்கினார். கேமரன் சிரால்டோ பென்ரித்தில் தடுப்பை நடத்தியவர். அவர் 2023இல் புல்டாக்ஸுக்கு வந்தார்.

துணைக் கோச்சை எடுக்கும்போது, 'எந்த கிளப்பிலிருந்து' என்பதைவிட 'அங்கே எந்த வேலையை நடத்தினார்' என்பது பெரிய கேள்வி. பலமான தாக்குதல் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் திறமையில் நிற்கும். பென்ரித்தின் நேதன் கிளியரி மாதிரி ஒரு ஹாஃப்பேக் கையில் இருந்தால் எந்தத் தாக்குதல் கோச்சும் மேதையாகத் தெரிவார். அந்த ஹாஃப்பேக்கைப் பெட்டியில் போட்டு அடுத்த கிளப்புக்கு எடுத்துப் போக முடியாது. தடுப்பு அப்படியல்ல. சராசரி ஆட்களை வைத்தும் ஒரு கோடையின் பயிற்சியில் அதைக் கட்டலாம். அடிமட்டத்தில் கிடக்கும் அணிக்கு இரண்டு பெயர்களுக்கு நடுவில் தேர்வு வந்தால், நான் தடுப்புக் கோச் பக்கம்தான் நிற்பேன்.

அப்படிப்பட்ட சிரால்டோவுக்கே முதல் ஆண்டு எப்படி இருந்தது? 2023இல் புல்டாக்ஸ் ஏழு வெற்றி, 15ஆம் இடம். இதில் கவனிக்க வேண்டியது, பேரட் போன பிறகு 2022இன் மீதி 14 ஆட்டங்களை இடைக்காலக் கோச் மிக் பாட்டர் நடத்தி ஐந்தை வென்றிருந்தார். அந்த ஆண்டின் மொத்தமும் ஏழு வெற்றிதான். அதாவது முழுநேரக் கோச்சின் முதல் ஆண்டு, அதற்கு முந்தைய குழப்பமான ஆண்டைவிட ஒரு வெற்றிகூடக் கூடவில்லை. 'பாட்டரையே வைத்திருக்கலாம்' என்று அப்போது சொன்னவர்கள் உண்டு.

2024இல் அதே கோச்சுடன் 14 வெற்றி, 6ஆம் இடம், 2016க்குப் பிறகு முதல் இறுதிச் சுற்று (முதல் எட்டு அணிகள் மட்டும் ஆடும் கட்டம்). 2025இல் மூன்றாம் இடம். நடுவில் நடந்தது ஆள்சேர்ப்பு. பென்ரித்திலிருந்து ஸ்டீஃபன் கிரைட்டனை எடுத்து நேராகக் கேப்டனாக்கினார்கள். அவரோடு கானர் டிரேசி, கர்ட் மான், ஜாஷ் கரன், ஜேமன் சாமன் என்று பெரிய பெயர் இல்லாத, இரண்டு மூன்று இடங்களில் ஆடக்கூடிய, நிறைய ஓடக்கூடிய ஆட்களை வாங்கினார்கள். சிரால்டோவின் தடுப்பு முறைக்கு வேண்டிய கால்கள் அவை. ஃபில் கூல்ட் ஆள்சேர்ப்பை நடத்த, கோச் கேட்ட வகை ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கோச்சும் ஆள்சேர்ப்பவரும் ஒரே அணியைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று கிளப்பைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது.

டைகர்ஸ் கதை இதற்கு நேர் எதிர். 2022 ஜூனில் மக்வயரை அனுப்பினார்கள், பிரெட் கிம்மோர்லி இடைக்காலம் பார்த்தார். இதே சிரால்டோவை அவர்களும் அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். பிறகு 2005இல் அவர்களுக்குக் கோப்பை வாங்கித்தந்த டிம் ஷீன்ஸைத் திரும்பக் கொண்டுவந்து, அவருக்குக் கீழே பென்ஜி மார்ஷலை வளர்த்து ஒப்படைப்பது என்று திட்டம் போட்டார்கள். 2023க்கு ஏப்பி கொரைசாவ், டேவிட் கிளெமர், ஈல்ஸிலிருந்து பாபாலி என்று நல்ல ஃபார்வர்டுகளை வாங்கியும் நான்கே வெற்றி, கடைசி இடம். மார்ஷலுக்கான ஒப்படைப்பும் திட்டமிட்டதைவிட ஒரு வருடம் முன்பே, 2024க்கே நடந்தது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் கடைசி இடம். 2023 டிசம்பரில் தலைவரும் தலைமை நிர்வாகியும் வெளியேற்றப்பட்டார்கள். 2025இல் ஜரோம் லுவாய், டெரல் மே போன்றவர்கள் வந்த பிறகுதான் ஒன்பது வெற்றி, 13ஆம் இடம் என்று தலை தூக்கினார்கள்.

அவர்கள் அனுப்பிய மக்வயர்? 2023 நவம்பரில் நியூசிலாந்துக் கோச்சாக ஆஸ்திரேலியாவை 30-0 என்று வீழ்த்தினார். 2024இல் நியூ சவுத் வேல்ஸுக்கு, குயின்ஸ்லாந்துக்கு எதிரான ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரை வாங்கிக்கொடுத்தார். 2025இல் பிரிஸ்பேன் பிராங்கோஸுடன் கிராண்ட் ஃபைனலில் ஸ்டார்மை 26-22 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். டைகர்ஸ் அணிக்கு அவர் பொருந்தவில்லை என்று சொல்லலாம். அவருக்குக் கோச்சிங் தெரியவில்லை என்று அன்று சொன்னவர்கள் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும்.

பென்னட் கட்சிக்கும் ஒரு வார்த்தை. பிரிஸ்பேனில் ஆறு, டிராகன்ஸில் ஒன்று என்று ஏழு கோப்பை வாங்கியவர். ஆனால் ஈல்ஸ் ரசிகர்கள் ஆசைப்பட்ட அதே காலத்தில் அவர் தேர்ந்தெடுத்தது சவுத் சிட்னியை. 2025இல் அங்கே கேமரன் மரே, லட்ரெல் மிட்செல் என்று முக்கிய ஆட்கள் காயத்தால் நீண்ட நாள் வெளியே இருந்தார்கள். அணி 14ஆம் இடத்தில் முடிந்தது. ஏழு கோப்பையும் காயப் பட்டியலை ஒன்றும் செய்ய முடியவில்லை.

காலண்டரைப் பார்க்காமல் கோச்சை மாற்றக்கூடாது

ரசிகர்கள் அதிகம் பேசாத, ஆனால் கிளப்புகளைக் கவிழ்க்கிற விஷயம் நவம்பர் 1. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்குள் நுழையும் ஆட்டக்காரர், அந்தக் கடைசி சீசனுக்கு முந்தைய நவம்பர் 1 முதல் மற்ற கிளப்புகளோடு பேசலாம். 2025 முடிவில் ஒப்பந்தம் முடிகிறவர் 2024 நவம்பர் 1 அன்றே சந்தைக்கு வந்துவிடுவார். அந்தத் தேதிக்குள் கோச் யார் என்று தெரியாத கிளப்புக்கு நல்ல ஆட்டக்காரர் யாரும் கையெழுத்துப் போட மாட்டார். தனக்கு வேலை கொடுப்பவர் யார் என்றே தெரியாதபோது ஏன் போட வேண்டும்?

ஈல்ஸ் இந்த இடத்தில் சரியாகச் செய்தது. மே மாதம் நீக்கி, ஜூலையில் ரைல்ஸை நான்கு ஆண்டுக்கு ஒப்பந்தம் செய்துவிட்டார்கள். ஸ்டார்மில் வேலையில் இருந்தபடியே அவர் அடுத்த ஆண்டுக் குழுவைப் பற்றி முடிவெடுக்க முடிந்தது. கதர்சன் டிராகன்ஸுக்கும், ப்ராப் ரீகன் கேம்பல்-கில்லார்ட் டைட்டன்ஸுக்கும் போனார்கள். இருவரும் 2022 கிராண்ட் ஃபைனல் அணியின் தூண்கள். ரசிகர்களுக்கு மனம் கசந்தது. ஆனால் முப்பது வயதை ஒட்டியவர்களின் சம்பளத்தை விடுவிக்காமல் இளைஞர்களுக்கு இடம் வராது. பென்ரித்திலிருந்து ஐசாயா இயோங்கி ஃபுல்பேக்குக்கு வந்தார். ஹூக்கர் இடத்தில் ரைலி ஸ்மித் என்ற இளைஞருக்கு வாய்ப்புக் கிடைத்தது. மஹோனி போன ஓட்டையை அடைக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

புதிய கோச்சால் கைவைக்க முடியாத பகுதியும் உண்டு. டிலன் பிரவுனின் ஒப்பந்தம் 2031 வரை நீளக்கூடியது, ஆனால் நடுவில் விலகிக்கொள்ளும் உரிமை ஆட்டக்காரர் கையில் இருந்தது. அதைப் பயன்படுத்தி, 2026 முதல் பத்து ஆண்டுக்கு, சுமார் 1.3 கோடி டாலருக்கு அவர் நைட்ஸுக்குப் போக முடிவு செய்தார். 2025 சீசன் தொடங்கிய மாதத்திலேயே அந்தச் செய்தி வந்துவிட்டது. முதல் ஆண்டு கோச், மோசஸ் மறுபடி காயத்தில், ஃபைவ்-எய்த் அடுத்த ஆண்டு போகப்போகிறவர். இந்த விலகும் உரிமையைக் கொடுத்தது முந்தைய நிர்வாகம். இப்போதெல்லாம் கிளப் ஒரு பெரிய ஒப்பந்தத்தை அறிவித்தால், எத்தனை ஆண்டு என்பதோடு அந்த உரிமை யார் கையில் என்றும் பாருங்கள். ஆட்டக்காரர் கையில் என்றால், முதல் சில ஆண்டுகளை மட்டும் கணக்கில் எடுங்கள்.

2025 முதல் சுற்றில் ஈல்ஸ் மெல்பர்னில் ஸ்டார்மிடம் 56-18 என்று அடி வாங்கியது. ரைல்ஸின் பழைய கிளப்பே கொடுத்த அடி. உடனே 'தவறான ஆளை எடுத்துவிட்டோம்' என்ற பேச்சு எழுந்தது. அதே சீசனின் கடைசிச் சுற்றில் அதே ஈல்ஸ் நைட்ஸை 66-10 என்று நொறுக்கி 11ஆம் இடத்தில் முடித்தது. இரண்டு ஸ்கோரையும் வைத்து ரைல்ஸை அளக்கக்கூடாது. முதலாவதில் மோசஸ் இல்லை, இரண்டாவதில் எதிரணி அட்டவணையின் அடிமட்டத்தில் கிடந்தது. நடுவில் உள்ள சாதாரண ஆட்டங்களில், ஓரத் தடுப்பில் நால்வரும் ஒரே நேரத்தில் பாய்கிறார்களா என்பது மாதாமாதம் எப்படித் தேறியது என்று பார்த்தவர்களுக்கு, இந்தக் கோச்சின் கீழ் ஏதோ கட்டப்படுகிறது என்று ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கும்.

இடைக்காலக் கோச்சையே நிரந்தரமாக்கு என்ற வாதத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சீசன் நடுவில் வருபவரால் தடுப்பு முறையை மாற்ற முடியாது. அதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீளும் கோடைப் பயிற்சி வேண்டும். வாரத்துக்கு ஒரு ஆட்டம் ஓடும்போது கிடைக்கும் சில பயிற்சி நாட்களில் பாதி, உடல் தேறவே போய்விடும். அவரால் முடிந்தது: ஒதுக்கப்பட்டவர்களுக்கு வாய்ப்புத் தருவது, தாக்குதலில் பந்தை இன்னும் தாராளமாக நகர்த்தச் சொல்வது, இறுக்கத்தைத் தளர்த்துவது. அதனால் சில வாரம் டிரைகள் கூடும், பார்க்க உற்சாகமாக இருக்கும். பாட்டரின் புல்டாக்ஸும் அப்படித்தான் இருந்தது. அந்த உற்சாகத்தை வைத்து நான்கு ஆண்டு ஒப்பந்தம் கொடுப்பது ஆபத்து. அவர் தடுப்பை எப்படிக் கட்டுவார் என்று யாரும் இன்னும் பார்த்திருக்கவில்லை.

இனி அடுத்த அணிக்கு இந்த விவாதம் வரும்போது பெயர்ப் பட்டியலே சுருங்கியிருக்கும். 2027இல் பெர்த் பேர்ஸ் வருகிறது, மால் மெனிங்கா அதன் கோச். 2028இல் பப்புவா நியூகினி அணி. இரண்டு தலைமைக் கோச், அவர்களுக்குக் கீழே அரை டஜன் துணைக் கோச்சுகள் சந்தையிலிருந்து போய்விடுவார்கள். ஆகவே பார்வை இங்கிலாந்துப் பக்கம் திரும்பும். அங்கே 2024இல் மேட் பீட் விகனுக்கு நான்கு கோப்பைகளையும், 2025இல் ஆஸ்திரேலியரான வில்லி பீட்டர்ஸ் ஹல் கே.ஆருக்கு மூன்று கோப்பைகளையும் வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பாதையிலும் இரண்டு விதம் பார்த்திருக்கிறோம். ஜஸ்டின் ஹோல்புரூக் 2019இல் செயின்ட் ஹெலன்ஸுக்கு, இங்கிலாந்தின் முதன்மைப் போட்டியான சூப்பர் லீக் கோப்பையை வாங்கிக்கொடுத்துவிட்டு டைட்டன்ஸுக்கு வந்தார். தாக்குதல் கண்ணுக்கு விருந்து, முன்னிலையைக் காக்கத்தான் முடியவில்லை. 2023 நடுவில் வேலை போனது. அதே செயின்ட் ஹெலன்ஸில் மூன்று முறை தொடர்ந்து வென்ற கிறிஸ்டியன் வூல்ஃப், நேராகத் தலைமைப் பதவிக்குத் தாவாமல் டால்ஃபின்ஸில் பென்னட்டுக்குக் கீழே இரண்டு ஆண்டு இருந்து, என்.ஆர்.எல். வேகத்தை உள்ளிருந்து பார்த்த பிறகு 2025இல் பொறுப்பேற்றார். காயங்களால் சிதைந்த அணியை வைத்துக்கொண்டே இறுதிச் சுற்றை நூலிழையில் தவறவிட்டு ஒன்பதாவதாக முடித்தார்.

இங்கிலாந்திலிருந்து நேராக ஒருவரை அழைக்கும் கிளப், பேட்டியிலேயே அவரிடம் கேட்க வேண்டியது, கூட அழைத்து வரும் தடுப்புக் கோச் யார், அவர் என்.ஆர்.எல்.லில் எத்தனை சீசன் வேலை பார்த்திருக்கிறார் என்பதுதான். அந்தப் பெயருக்குப் பதில் இல்லாமல் தலைமைக் கோச்சை மட்டும் அறிவிக்கும் நாளில், ரசிகர்கள் நிர்வாகத்திடம் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.